திண்டுக்கல் ஆய்வின் ஒப்பீட்டுக் குழு: மதிப்பீடுகள் அறிவியலுக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே நிற்கின்றனவா?

அகவிழி:

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காகத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆய்வை முன்வைத்து ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும், அம்பிளிக்கையிலுள்ள சமுதாய நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் அதில் பங்கேற்றன. மாவட்டத்தின் ஊர்கள் 114 தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, குலுக்கல் முறையில் 57 தொகுப்புகளைச் சேர்ந்த 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். எஞ்சிய 57 தொகுப்புகளில் வாழ்ந்த 30,958 பெண்களுக்கு "வழக்கமான பராமரிப்பு" தொடர்ந்தது. பரிசோதனை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டுகள் தோன்றுகின்றனவா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பார். புற்றுக்கு முந்தைய திசு மாற்றம் தெரிந்தால், அந்தத் திசுவை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையையும் அவரே செய்வார்.

முடிவுகள் 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் உண்டாவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் மும்பையின் குடிசைப்பகுதிகளிலும் இதே காலத்தில் நடந்த வேறு இரு பெரிய ஆய்வுகளிலும் பரிசோதனை பெறாத ஒப்பீட்டுக் குழு இருந்தது. இந்த மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழுக்களைச் சேர்ந்த குறைந்தது 254 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா இந்திய மருத்துவ நெறிமுறை இதழில் 2014-இல் எழுதினார்.

இதைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரு பிரிவினையைக் கைக்கொள்கிறார்கள். எது உண்மை என்று கண்டறிவது அறிவியலின் வேலை என்றும், அதை எந்த எல்லைக்குள் செய்யலாம் என்று சொல்வது அறவியலின் வேலை என்றும் அவர்கள் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவினை பொருந்தாது என்பதே என் வாதம். யாரை யாரோடு ஒப்பிடுவது, எதை விளைவாக எண்ணுவது, எவ்வளவு வேறுபாடு தெரிந்தால் நம்புவது ஆகிய மூன்றும் ஆய்வின் முதுகெலும்பு. முதல் தரவு பதிவாவதற்கு முன்பே இந்த மூன்றிலும் மனித மதிப்பீடுகள் முடிவெடுத்துவிடுகின்றன. மேற்பார்வைக் குழு பிறகு வந்து ஒப்புதல் முத்திரை இடும்போது முதன்மையான அறமுடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

எண்ணியலன்பன்:

உயிரியல் புள்ளியியலில் பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் வாதத்தை மறுக்கிறேன். 254 என்ற எண் படிப்பவரைக் கலங்கவைக்கிறது, என்னையும் கலங்கவைக்கிறது. ஆயினும் எந்த எண்ணையும் எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் முன்வைக்கக் கூடாது.

திண்டுக்கல்லின் கணக்கையே பார்ப்போம். அழைக்கப்பட்ட குழுவில் 2,74,430 பெண்-ஆண்டுகளில் (ஒரு பெண்ணை ஓர் ஆண்டு கண்காணித்தால் ஒரு பெண்-ஆண்டு) 83 இறப்புகள். ஒப்பீட்டுக் குழுவில் 1,78,781 பெண்-ஆண்டுகளில் 90 இறப்புகள். அதாவது லட்சம் பெண்-ஆண்டுகளுக்கு முறையே ஏறத்தாழ 30, 50. இந்த ஆய்வே நடக்காதிருந்தால் இரண்டு குழுக்களிலும் அதிக விகிதமே நிலவியிருக்கும். அழைக்கப்பட்ட குழுவின் இறப்பு ஒப்பீட்டுக் குழுவின் இறப்பில் 0.65 மடங்கு என்று ஆய்வு வெளியிட்ட விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், அழைக்கப்பட்ட குழுவில் கூடுதலாக ஏறத்தாழ 45 பெண்கள் இறந்திருப்பார்கள். ஒப்பீட்டுக் குழுவில் இறந்தவர்களை ஆய்வு கொன்றது என்று சொல்ல இடமில்லை. அவர்களைக் கொன்றது, பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லாதிருந்த பொதுச் சுகாதார நிலைமை.

அடுத்து, இந்த ஆய்வுகளைக் குறைகூறுவோர் வைக்கும் "பயனுண்டு என்று தெரிந்தே மறுத்தார்கள்" என்ற குற்றச்சாட்டு. எது தெரிந்திருந்தது? கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை மேலைநாடுகளில் பயன் தந்தது தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சோதனைக்குச் செல்களை நுண்ணோக்கியில் படிக்கும் பயிற்சி பெற்ற ஆய்வகம் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து மீண்டும் அழைக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் அன்று நம் கிராமங்களில் இல்லை. அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை இறப்பைக் குறைக்குமா என்பது எவருக்கும் தெரியாது. மருத்துவ அறவியலாளர் பெஞ்சமின் ஃப்ரீட்மேன் 1987-இல் வகுத்த அளவுகோலின்படி, துறை வல்லுநர்களிடையே மெய்யான கருத்து வேறுபாடு நிலவும் இடத்தில் குலுக்கல் முறை ஆய்வு அறத்துக்கு உட்பட்டதே.

அந்த ஐயம் வெறும் சாக்கு அன்று என்பதற்கு உஸ்மானாபாத் முடிவே சான்று. அங்கே 1,31,746 பெண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனை, பாப் ஸ்மியர், கண்ணால் பார்க்கும் முறை, வழக்கமான பராமரிப்பு. 2009-இல் வெளியான முடிவில், ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வைரஸ் சோதனைக் குழுவில் 34 இறப்புகள், ஒப்பீட்டுக் குழுவில் 64. ஆனால் திண்டுக்கல்லில் பயன் தந்த அதே கண்ணால் பார்க்கும் முறை உஸ்மானாபாத்தில் குறிப்பிடத்தக்க பயன் எதையும் காட்டவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதை எப்படி அறிந்திருப்போம்? பயனற்ற ஒரு முறையை லட்சக்கணக்கான பெண்கள் மீது அரசு சுமத்தியிருந்தால் அதுவும் அறப்பிழைதானே?

எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில் மதிப்பீடு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கேள்வி தீர்மானமான பிறகு அதற்கு விடை காணும் முறையில் மதிப்பீட்டுக்கு இடமில்லை. 0.65 என்ற விகிதம் ஆய்வாளரின் இரக்கத்தையோ கல்மனத்தையோ பொறுத்து மாறாது.

தேனி_செவிலி:

கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தத்துவம் படித்ததில்லை, இரண்டு ஐயாக்களும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன்.

"வழக்கமான பராமரிப்பு" என்ற சொற்றொடர் அந்தக் காலத்துக் கிராமத்தில் என்ன பொருள் தந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இந்த நோயைப் பொறுத்தவரை அப்படி ஒரு பராமரிப்பு இல்லை. மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் படுகிறது என்றோ, வெள்ளைப்படுதல் நாற்றம் எடுக்கிறது என்றோ ஒரு பெண் வாய் திறந்து சொல்லும்போது நோய் முற்றியிருக்கும். அதற்கு முன்பு அவளை எவரும் பரிசோதிப்பதில்லை. அப்படி ஒரு பரிசோதனை உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதும் இல்லை. ஆகவே அந்த 57 தொகுப்புகளுக்கு எதுவும் மறுக்கப்படவில்லை என்று சொல்வது ஏட்டின்படி சரி. இல்லாமையையே ஒரு தரநிலையாக எழுதிவைத்தது தான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் இந்த ஆய்வைக் குறை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வகம் இல்லாத ஊரில், கூலி வேலையை ஒரு நாள் விட்டு வரும் பெண்ணுக்கு, மருத்துவருக்காகக் காத்திராமல் செவிலியரே பார்த்துச் செவிலியரே சிகிச்சையும் செய்யும் முறை பலிக்குமா என்று கேட்டது இந்த ஆய்வு. அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் எங்களைப் போன்றவர்களின் ஊரை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007-இல் அரசு இந்தப் பரிசோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. மதிப்பீடு என்றாலே ஆய்வைக் கெடுப்பது என்பதுபோல இருவரும் பேசுவதாக எனக்குப்படுகிறது. நல்ல மதிப்பீடு நல்ல கேள்வியையும் கேட்கவைக்கும்.

இன்னொன்று: அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். வராதவர்களைக் கூச்சமும், மாமியாரின் பேச்சும், அன்றைய கூலியும், "எனக்கு ஒன்றும் இல்லையே" என்ற எண்ணமும் தடுத்திருக்கும் என்பது என் பட்டறிவு. 35 விழுக்காடு என்ற அந்த எண்ணுக்குள் இவையெல்லாமும் அடங்கியிருக்கின்றன.

அகவிழி:

சகோதரி சுட்டிக்காட்டியது சரியானது. மதிப்பீடு அறிவியலைக் கறைப்படுத்துகிறது என்று நான் கருதவில்லை. அது தவிர்க்க இயலாதது என்பதால் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும் என்கிறேன்.

நண்பர் எண்ணியலன்பனின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். "ஆய்வே நடக்காதிருந்தால்" என்பதை ஒப்பீட்டின் அடிப்படையாக வைத்து அவர் 45 உயிர்கள் காக்கப்பட்டன என்கிறார். "எல்லா ஊர்களுக்கும் பரிசோதனை தந்திருந்தால்" என்பதை அடிப்படையாக வைத்தால், அதே 0.65 விகிதத்தைக் கொண்டு, ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ 30 உயிர்கள் இழக்கப்பட்டன என்று கணக்கு வரும். இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் சரி. எந்த அடிப்படையிலிருந்து அளப்பது என்பதைத் தரவு சொல்லாது. அதைச் சொல்வது, அந்தப் பெண்களுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற தீர்ப்பு. ஆகவே விடை காணும் முறைக்குள் மதிப்பீடு இல்லை என்று நீங்கள் சொன்ன அதே பதிவில், உங்கள் முதல் கணக்கிலேயே அது இருந்தது.

தத்துவ அறிஞர் ரிச்சர்டு ரட்னர் 1953-இல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்துகிறது. எந்தச் சான்றும் ஒரு கருதுகோளை முற்றாக நிறுவுவதில்லை. ஆகவே, இவ்வளவு சான்று போதும் என்று ஒரு விஞ்ஞானி ஏற்கும்போது, தவறாக ஏற்றால் என்ன கேடு, தவறாக மறுத்தால் என்ன கேடு என்பதை அவர் எடைபோட்டே ஆக வேண்டும். ஒரு மருந்தில் உயிர்க்கொல்லி அளவுக்கு நச்சு இல்லை என்று ஏற்பதற்குத் தேவையான சான்றும், இயந்திரத்தில் செய்த இடுப்புவார்க் கொக்கிகளில் குறை இல்லை என்று ஏற்பதற்குத் தேவையான சான்றும் ஒரே அளவாக இருக்க முடியாது. இது விஞ்ஞானி குடிமகனாக இருந்து செய்யும் வேலை அன்று, விஞ்ஞானியாக இருந்தே செய்யும் வேலை என்றார் ரட்னர். தத்துவ அறிஞர் ஹெதர் டக்ளஸ் 2000-இல் இதை விரித்து, தரவை வகைப்படுத்துவதிலும் ஆய்வுமுறையைத் தெரிவு செய்வதிலும்கூடப் பிழையின் விலையைப் பற்றிய தீர்ப்பு புகுகிறது என்று காட்டினார்.

இதைத் திண்டுக்கல்லில் வைத்துப் பாருங்கள். இறப்பையே விளைவாக எண்ணுவது என்று தீர்மானித்தால், ஒப்பீட்டுக் குழுவில் போதிய எண்ணிக்கையில் பெண்கள் இறந்தால்தான் புள்ளியியல் உறுதி கிடைக்கும். இங்கே ஒவ்வொரு இறப்பும் ஒரு தரவுப்புள்ளி. எவ்வளவு உறுதி வேண்டும் என்ற கேள்வியும், எத்தனை பேர் இறக்கும்வரை காத்திருக்கலாம் என்ற கேள்வியும் இந்த ஆய்வில் ஒன்றே. இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்து விடை சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் கயெலிட்ஷாவில் அதே 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 6,555 பெண்கள் அனைவருக்கும் எச்.பி.வி. சோதனையும் அமிலப் பரிசோதனையும் செய்யப்பட்டன. ஒரு குழுவுக்கு மட்டும் அடுத்தகட்ட மதிப்பீடும் சிகிச்சையும் ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டன. அவர்கள் எண்ணியது இறப்பை அன்று, புற்றுக்கு முந்தைய முற்றிய திசு மாற்றத்தை. ஆறாம் மாதத்தில் அந்த மாற்றம் வைரஸ் சோதனைக் குழுவில் 0.80 விழுக்காடு, அமிலப் பரிசோதனைக் குழுவில் 2.23, தள்ளிவைக்கப்பட்ட குழுவில் 3.55. அங்கேயும் ஒப்பீட்டுக் குழு இருந்தது. ஆனால் அங்கே இறப்புகளை எண்ணித்தான் விடை காண வேண்டும் என்ற நிலை இல்லை.

எண்ணியலன்பன்:

கயெலிட்ஷா ஆய்வு நல்ல ஆய்வு. அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புற்றுக்கு முந்தைய திசு மாற்றங்களில் கணிசமானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. அவற்றை எண்ணி ஒரு முறையைச் சிறந்தது என்று அறிவித்தால், ஒருபோதும் புற்றாக மாறியிராத திசுக்களை அழித்ததையும் வெற்றியாகக் கணக்கிடுகிறோம். அரசு தன் பணத்தையும் செவிலியரின் நேரத்தையும் இதில் முதலிடுவதற்கு முன்பு கேட்பது, பெண்கள் இறப்பது குறையுமா என்ற கேள்வியையே. இறப்புக்குப் பதிலாக எண்ணப்படும் இடைநிலைக் குறியீடுகளை நம்பி, பிறகு இறப்பில் பயனில்லை என்று கைவிடப்பட்ட சிகிச்சைகள் மருத்துவ வரலாற்றில் குறைவில்லை. 1980-களின் இறுதியில் இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வை நினைவூட்டுகிறேன்: மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் துடிப்புக் கோளாறு குறைந்தது, ஆனால் மருந்து உண்டவர்கள் அதிகமாக இறந்தார்கள். இறப்பை எண்ணியதால்தான் அது தெரிந்தது. இறப்பை எண்ணுவது கொடுமை என்ற தொனியை நான் ஏற்கமாட்டேன். அதை எண்ண மறுத்ததால் விளைந்த கொடுமைகளும் உண்டு.

ரட்னருக்குத் தத்துவ அறிஞர் ரிச்சர்டு ஜெஃப்ரி 1956-இல் மறுமொழி கூறினார். விஞ்ஞானி கருதுகோளை ஏற்பதோ மறுப்பதோ இல்லை. சான்றின் அடிப்படையில் அதற்கு எவ்வளவு நிகழ்தகவு உண்டு என்று சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. திண்டுக்கல் ஆய்வு இறப்பு விகிதம் 0.65 என்றும், அது 0.47-க்கும் 0.89-க்கும் இடையில் இருக்கக்கூடும் என்றும் சொன்னது. அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு திட்டத்தைத் தொடங்குவதா வேண்டாமா என்பதை அமைச்சரும் மக்களும் தங்கள் மதிப்பீட்டின்படி தீர்மானிக்கட்டும். விஞ்ஞானி அந்த எடைபோடலைத் தானே செய்துவிட்டு, எண்ணை மட்டும் வெளியே நீட்டுவதுதான் ஆபத்தானது. மதிப்பீடு உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் உங்கள் மதிப்பீடு மட்டும் வராது; மருந்து நிறுவனத்தின் மதிப்பீடும் அதே கதவு வழியாகத்தான் வரும்.

சட்டப்பார்வை:

மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்றில் சட்ட உறுப்பினராக இருப்பவன் நான். மதிப்பீடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைவிட, அந்த மதிப்பீட்டை யார் செய்தார், யாருக்குத் தெரிவித்தார் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

மருத்துவ ஆய்வு நெறிகளை வகுக்கும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2000-ஆம் ஆண்டுத் திருத்தம், புதிய முறையை நடப்பிலுள்ள சிறந்த முறையோடு ஒப்பிட வேண்டும் என்றது. எந்த நாட்டில் நடப்பிலுள்ள முறை என்று அது சொல்லவில்லை. 2002-இல் வெளியான விளக்கக் குறிப்பு, தவிர்க்க முடியாத ஆய்வுமுறைக் காரணங்கள் இருந்தால் விலக்கு உண்டு என்றது. திண்டுக்கல் ஆய்வு தொடங்கிய காலம் இந்தச் சர்ச்சை உச்சத்தில் இருந்த காலம். ஆகவே அன்றைய ஆவணங்களை மட்டும் வைத்து ஒரு தரப்பைக் குற்றவாளியாக்க முடியாது.

ஒப்புதல் விஷயத்தில் அவ்வளவு இடமில்லை. மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசின் நிதி கிடைத்ததால், அந்நாட்டின் ஆய்வுப் பங்கேற்பாளர் பாதுகாப்பு அலுவலகம் புகாரை விசாரித்து, பங்கேற்ற பெண்கள் முழுமையாக அறிந்து ஒப்புதல் தருவதற்குப் போதிய தகவல் அளிக்கப்படவில்லை என்று 2012-இல் கண்டது. பாப் ஸ்மியர் என்றொரு சோதனை உலகில் இருக்கிறது, அது இந்த நோயைத் தடுக்கிறது, விரும்பினால் வேறிடத்தில் செய்துகொள்ளலாம் என்பது ஒரு பெண்ணின் முடிவை மாற்றக்கூடிய தகவல். அதைச் சொன்னால் ஒப்பீட்டுக் குழு கலைந்துவிடும் என்று ஓர் ஆய்வாளர் அஞ்சினால், அந்த அச்சமே ஒப்புதலின் தரத்தைக் காட்டுகிறது. நண்பர் எண்ணியலன்பன் ஆய்வுமுறை என்று அழைக்கும் இடத்தில் நான் காண்பது, தகவலைப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்ற தீர்மானத்தை.

ஊரையே ஓர் அலகாகக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒப்பீட்டு ஊரில் வாழும் பெண்ணுக்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவளுடைய நோயும் இறப்பும் பதிவேட்டில் ஏறுகின்றன, அவ்வளவே. அப்படியானால் அவள் ஆய்வில் பங்கேற்கிறாளா இல்லையா? பங்கேற்கிறாள் என்றால் அவளிடம் கேட்டாக வேண்டும். பங்கேற்கவில்லை என்றால் அவளுடைய இறப்பு எப்படி ஆய்வின் தரவாயிற்று?

அகவிழி:

ஜெஃப்ரியின் மறுமொழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிகழ்தகவை மட்டும் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்றால், அந்த நிகழ்தகவைக் கணக்கிடப் பயன்படும் தரவையாவது விஞ்ஞானி ஏற்றாக வேண்டும். ஓர் இறப்பு கருப்பைவாய்ப் புற்றுநோயாலா, வேறு காரணத்தாலா என்று ஒருவர் தீர்மானிக்கிறார். ஒரு திசுத்துண்டு எந்த நிலையைச் சேர்ந்தது என்று இன்னொருவர் தீர்மானிக்கிறார். கிராமத்தில் வீட்டில் நேர்ந்த இறப்புக்குச் சான்றிதழில் காரணம் தெளிவாக இருப்பது அரிது. ஐயம் வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்ற தீர்ப்பு 0.65-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. ரட்னரே இதை முன்னுணர்ந்து, நிகழ்தகவு இவ்வளவு என்பதும் ஏற்கப்பட வேண்டிய ஒரு கருதுகோள்தான் என்றார்.

மருந்து நிறுவனத்தின் மதிப்பீடும் அதே கதவு வழியாக வரும் என்ற அச்சம் மெய்யானது, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கதவு மூடியே இருந்தது என்று யாரும் நிறுவவில்லை. மதிப்பீடு இல்லை என்று அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் நிறுவனத்தின் மதிப்பீடு கேள்வியின்றி அமர்கிறது.

இடைநிலைக் குறியீடு பற்றிய எச்சரிக்கைக்கு வருகிறேன், ஏனெனில் இந்த விவாதத்தின் மிகக் கடினமான இடம் அதுதான். புற்றுக்கு முந்தைய முற்றிய நிலையில் எவ்வளவு பங்கு உண்மையில் புற்றாக மாறும் என்பது நமக்கு எப்படித் தெரியவந்தது? நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரப் பெண்கள் மருத்துவமனையில் 1966 முதல், இந்த நிலை புற்றாக மாறாது என்று நம்பிய ஒரு மருத்துவர், பல பெண்களுக்கு உரிய சிகிச்சை அளிக்காமல் கண்காணித்துவந்தார். அந்தப் பெண்களுக்கு அது சொல்லப்படவில்லை. 1987-இல் அது ஓர் இதழ்க் கட்டுரையால் வெளிப்பட்டு, நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, அந்நாட்டின் நோயாளர் உரிமைச் சட்டங்களே மாறின. அந்தப் பெண்களின் பதிவேடுகளை மீளாய்வு செய்து 2008-இல் வெளியான கட்டுரை, உரிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு ஊடுருவும் புற்றுநோய் உண்டானது என்றும், உரிய சிகிச்சை பெற்றவர்களில் அது 0.7 விழுக்காடுதான் என்றும் கணக்கிட்டது. இன்று உலகெங்கும் பரிசோதனைத் திட்டங்களை வகுப்பவர்கள் இந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அறிவு உறுதியானது. அது வந்த வழி கொடியது. எண்ணின் உறுதியைக் காட்டி வழியை நியாயப்படுத்த முடியாது, வழியின் கொடுமையைக் காட்டி எண்ணைப் பொய்யாக்கவும் முடியாது. நண்பர் சொல்வதுபோல உண்மைக்கு என ஒரு நிலைத்த தன்மை உண்டு என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்த உண்மையை எந்த விலையில், யார் உடலிலிருந்து எடுப்பது என்பதும் ஆய்வு வடிவமைப்பின் பகுதியே என்பதுதான் நான் சேர்ப்பது.

குலுக்கல் முறை இல்லாவிட்டால் அறிவே இல்லை என்பதையும் ஏற்க முடியாது. பாப் ஸ்மியரின் பயன் குலுக்கல் முறை ஆய்வால் நிறுவப்பட்டதன்று. 1965-க்கும் 1982-க்கும் இடையில் ஐஸ்லாந்தில் இந்தப் புற்றுநோயால் நேரும் இறப்பு 80 விழுக்காடு குறைந்தது; திட்டம் நாடு முழுவதும் ஒழுங்காக நடந்த பின்லாந்தில் 50; மிகச் சிறிய பகுதிக்கு மட்டும் திட்டம் எட்டிய நார்வேயில் 10. எந்தப் பெண்ணையும் குலுக்கிப் பிரிக்காமல் கிடைத்த சான்று இது.

எண்ணியலன்பன்:

வடநாட்டு ஐரோப்பியச் சான்று வலிமையானது; ஆனால் அது இருபது ஆண்டுகளின் இடைவிடாத திட்டத்துக்குப் பின் கிடைத்தது. நம்மிடம் பதிவேடும் இல்லை, திட்டமும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

இதற்கு நானே ஒரு வழியைச் சொல்கிறேன், ஏனெனில் இதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காம்பியாவில் 1986-இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அறிமுகப்படுத்தியபோது, நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் தரத் தடுப்பூசி போதவில்லை. அங்கே பகுதி பகுதியாக, எந்தப் பகுதிக்கு எப்போது என்ற வரிசையைக் குலுக்கல் மூலம் தீர்மானித்து, நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள். இன்னும் முறை வராத பகுதிகளே ஒப்பீட்டுக் குழு; ஆனால் எந்தப் பகுதியும் நிரந்தரமாக ஒப்பீட்டுக் குழுவாக இருக்கவில்லை. அதில் பங்கேற்றது, பின்னாளில் திண்டுக்கல்லிலும் பங்கேற்ற அதே லியோன் முகமை. ஆகவே அத்தகைய வடிவமைப்பு 2000-இல் அறியப்படாத ஒன்றன்று.

அதைத் திண்டுக்கல்லில் செய்திருந்தால் ஓர் இழப்பு நேர்ந்திருக்கும். பரிசோதனை செய்த நாளிலிருந்து இறப்பில் வேறுபாடு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ஊர்களுக்கிடையே இரண்டு அல்லது மூன்று ஆண்டு இடைவெளி மட்டும் இருந்திருந்தால், 0.47 முதல் 0.89 வரையிலான அந்த இடைவெளி இன்னும் அகன்று, வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் 1-ஐ ஒருவேளை தாண்டியிருக்கும். பயனுள்ள முறை பயனற்றதாகத் தெரிந்திருக்கும். உஸ்மானாபாத்தில் வைரஸ் சோதனைக்கும் அமிலப் பரிசோதனைக்கும் இடையிலான வேறுபாடு தெரியாமலே போயிருக்கலாம். இன்று உலகச் சுகாதார நிறுவனம் வைரஸ் மரபணுச் சோதனையை முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைப்பதற்கு அந்த முடிவும் அடித்தளமாக இருந்தது. அந்தப் பரிந்துரையால் பயன் பெறப்போகும் பெண்களை நீங்கள் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? அவர்களுக்கு முகம் இல்லை என்பதால் அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.

தேனி_செவிலி:

ஐயா, முகம் இல்லாதவர்களுக்காக முகம் உள்ளவர்களிடம் எதையும் சொல்லாமல் விடலாமா என்பதுதானே கேள்வி. அவர்களிடம் கேட்டிருந்தால் பலர் சம்மதித்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பிறருக்காகத் துன்பம் ஏற்கத் தயங்குபவர்கள் அல்லர். அவர்களைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நடப்பதைப் பற்றியும் பேசுங்கள். நம் மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமிலப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. வைரஸ் சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. நாளை யாராவது வைரஸ் சோதனையின் புதிய வடிவம் ஒன்றை நம் மாவட்டங்களில் ஆராய வந்தால், ஒப்பீட்டு ஊருக்கு எதைத் தருவார்கள்? "இங்கே வழக்கமான பராமரிப்பு அமிலப் பரிசோதனைதானே" என்று சொல்லி அதையே தருவார்களா?

சட்டப்பார்வை:

எங்கள் குழுவின் முன் அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் நான் எழுத்தில் கேட்பது இவை: அந்த மாவட்டத்தில் வைரஸ் சோதனை இல்லாததற்குக் காரணம் பணமா, ஆள் பற்றாக்குறையா, முடிவெடுக்காமையா? ஆய்வுக்கு வரும் நிதியால் அந்தக் காரணம் நீங்குமா? நீங்கும் என்றால், அந்த நிதியை ஒரு பாதி ஊர்களுக்கு மட்டும் செலவிடுவதற்கு ஆய்வாளர் தரும் காரணம் என்ன? "உள்ளூர்த் தரநிலை" என்ற சொல்லை மட்டும் விடையாக ஏற்கமாட்டேன்.

எண்ணியலன்பன்:

சகோதரியின் கேள்விக்கு நேராக விடை சொல்கிறேன். ஒரு முறை செய்த அமிலப் பரிசோதனை உஸ்மானாபாத்தில் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஒரு முறை செய்த திண்டுக்கல்லிலும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்த மும்பையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வைரஸ் சோதனை பாதியளவு குறைத்தது. இது தெரிந்த பிறகு, புதிய வைரஸ் சோதனையை அமிலப் பரிசோதனையோடு ஒப்பிட்டு இறப்பை எண்ணும் ஆய்வை நான் வடிவமைக்கமாட்டேன். எந்த முறை சிறந்தது என்ற ஐயம் இனி அங்கே இல்லை. ஐயம் இருப்பது, எந்த முறையில் அழைத்தால் கூடுதலான பெண்கள் வருவார்கள், வைரஸ் உண்டு என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைவரை வந்துசேர்வார்கள் என்பவற்றில். திண்டுக்கல்லில் திசு மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரில் 72 விழுக்காட்டினர்தான் சிகிச்சை பெற்றனர். அந்த இடைவெளியை ஆராய இரண்டு குழுக்களுக்கும் வைரஸ் சோதனையைத் தந்து, அழைக்கும் முறையை மட்டும் குலுக்கினால் போதும். சிகிச்சைக்கு வந்தவர்களை எண்ணினால் போதும்.

வைரஸ் சோதனைக் கருவிகள் எல்லா ஊர்களுக்கும் உடனடியாகக் கிடைக்காது என்றால் காம்பியாவைப் போல வரிசையைக் குலுக்கலாம். அங்கே என் இடைவெளி அகலும் என்று மேலே சொன்னேன். இந்தக் கேள்விக்கு அந்த அகலத்தை நான் ஏற்பேன். அதை மதிப்பீடு என்று அகவிழி அழைப்பார். ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, ஒப்பீட்டுக் குழுவையும் எண்ணும் விளைவையும் ஏன் இப்படித் தெரிவு செய்தோம் என்று காரணத்தோடு எழுதி, அதை அந்த ஊர்க் கூட்டத்தில் தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்றால் அதற்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எழுதிய பிறகு, விளைவு விரும்பியபடி வரவில்லை என்பதற்காக இடைவழியில் எவரும் அந்தப் பக்கத்தைத் திருத்தக் கூடாது. நானும் திருத்தமாட்டேன், நெறிமுறைக் குழுவும் திருத்தக் கூடாது.

அகவிழி:

இடைவழியில் திருத்தக் கூடாது என்பதில் உடன்படுகிறேன், ஒரே ஒரு விலக்கோடு. ஒரு குழுவில் இறப்பு ஐயமின்றிக் கூடுகிறது என்று கண்காணிப்புக் குழு கண்டால் ஆய்வை நிறுத்தும் எல்லை எது என்பதும் அதே முதல் பக்கத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும். அந்த எண்ணை நீங்கள் முன்மொழியுங்கள், நண்பரே, ஊர்க் கூட்டத்தில் சகோதரியைப் போன்ற ஒருவர் எழுந்து "ஏன் இந்த எண், ஏன் இதைவிடச் சிறிய எண் இல்லை?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.